ரொமாண்டிக் இலக்கியம்: எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்த வரிசையில்?

தாமிரக்கரை:
வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ரொமாண்டிக் காலத்துக்குத் தனித்தாள் இருக்கிறது. பிளேக், வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், ஷெல்லி, கீட்ஸ் கவிதைகள், வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட 'லிரிக்கல் பாலட்ஸ்' கவிதைத் தொகுதியின் முன்னுரை, மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவல். தேர்வுக்கு நாலு மாதம். கடையில் கிடைக்கும் கைடுகள் எல்லாமே இயற்கை, கற்பனை, குழந்தைப் பருவம், புரட்சி, தனிமனிதன் என்று ஐந்து தலைப்பு போட்டு, தலைப்புக்கு இரண்டு பக்கம் எழுதி முடித்துவிடுகின்றன. அதைத் தாண்டிப் படிக்க என்னென்ன வேண்டும்? இரண்டு மூன்று புத்தகம் வாங்கலாம், மீதியை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழில் இதைக் கற்பனாவாதம் என்பதா, புனைவியல் என்பதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
பட்டியலுக்கு முன்னால் ஒரு விஷயம். இந்தக் காலத்துக் கவிதைகள் பலவற்றுக்கும் எழுதிய வருஷம் ஒன்று, அச்சான வருஷம் ஒன்று. திருத்திய வருஷம் என்று மூன்றாவதும் பலவற்றுக்கு உண்டு. கைடுகள் சறுக்குவது இங்கேதான்.

பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்த டாஃபடில் பூக்கள் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1807-இல் அது முதலில் அச்சானபோது மூன்றே பத்திகள், 18 வரிகள். பால்வீதி நட்சத்திரங்களோடு பூக்களை ஒப்பிடும் இரண்டாம் பத்தி அதில் கிடையாது, 1815-இல்தான் சேர்ந்தது. நாம் மனப்பாடம் செய்த 'கோல்டன்' என்ற சொல்லும் முதல் பதிப்பில் இல்லை. அங்கே பூக்கள் 'டான்சிங்', அதாவது ஆடும் பூக்கள். பொன் நிறம் எட்டு வருஷம் கழித்து வந்தது. 'இயற்கையைப் பிரபஞ்ச அளவில் பார்க்கிறார்' என்று 1807-ஆம் ஆண்டுக் கவிதையைப் பற்றி எழுதினால் தப்பாகிவிடும்.

இன்னொன்று. அந்தப் பூக்களைப் பார்த்த அன்று வேர்ட்ஸ்வொர்த் தனியாக இல்லை. தங்கை டோரத்தி கூட நடந்தார். 1802 ஏப்ரல் 15 தேதியிட்ட அவருடைய நாட்குறிப்பில், பூக்கள் களைத்துப்போய்க் கற்களைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருந்தன என்ற குறிப்பே இருக்கிறது. கவிதையோ 'தனியே அலைந்தேன்' என்று தொடங்குகிறது. உள்மனக் கண்ணைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற இரண்டு வரிகள் மனைவி மேரி கொடுத்தவை. தனிமை என்ற கருப்பொருளை இந்தக் கவிதையில் தொட வேண்டுமானால் இந்த மூன்று தகவலும் கையில் இருக்க வேண்டும். மூன்று பேருடைய கவனமும் சொல்லும் சேர்ந்து ஒரே ஆளின் தனிமையாகக் கவிதைக்குள் எப்படி மாறின என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அதனால் முதலில் வாங்க வேண்டியது நல்ல மூலநூல் தொகுப்பு. விமர்சன நூல் பிறகு.

கல்மண்டபம்:
தொகுப்பு என்றால் இரண்டில் ஒன்று. டங்கன் வூ தொகுத்த 'ரொமாண்டிசிசம்: ஆன் ஆந்தாலஜி' (நான்காம் பதிப்பு 2012), அல்லது நார்ட்டன் ஆங்கில இலக்கியத் தொகுப்பில் ரொமாண்டிக் காலத்துக்கான டி பகுதி. என் ஓட்டு வூவுக்கு. காரணம், 1798 'லிரிக்கல் பாலட்ஸ்' முழுசாக, அச்சான வரிசையிலேயே அதில் இருக்கிறது. பிளேக்கின் இரண்டு 'சாங்ஸ்' தொகுதிகளும் முழுசாக உண்டு. பொறுக்கியெடுத்த நாலு கவிதைகளைப் படிப்பதும் அந்தச் சின்னப் புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை படிப்பதும் ஒன்றல்ல. கோல்ரிட்ஜின் கிழ மாலுமியில் தொடங்கி வேர்ட்ஸ்வொர்த்தின் டின்டர்ன் ஆபியில் முடியும் அந்த வரிசைக்கே ஒரு பொருள் இருக்கிறது. 23 கவிதைகள், அவற்றில் கோல்ரிட்ஜுடையவை நாலுதான்.

வூவின் குறை கனம். 1500 பக்கத்துக்கும் மேல், தாள் மெல்லிசு, பென்சிலைத் தவிர வேறு எதில் எழுதினாலும் மறுபக்கம் தெரியும். வகுப்புக்குத் தூக்கிப்போக நார்ட்டன் டி பகுதி எளிது. அதன் அடிக்குறிப்புகளும் நம்மைப் போல பைபிளும் கிரேக்கப் புராணமும் பழகாத வாசகர்களுக்குக் கூடுதல் உதவி.

மழைத்தூறல்:
வேர்ட்ஸ்வொர்த் 1798 முன்னுரையிலேயே 'தன்னியல்பாகப் பொங்கும் உணர்ச்சி' என்று கவிதைக்கு இலக்கணம் சொல்லிவிட்டார். ரொமாண்டிக் கோட்பாடு முழுக்க அந்த ஒரு வரியில் அடக்கம். அதை நன்றாகப் படித்துக்கொண்டால் பாதித் தாள் முடிந்தது.

ஏட்டுச்சுவடி:
மழைத்தூறல், இரண்டு திருத்தம். 1798 பதிப்பில் முன்னுரை இல்லை. 'அட்வர்டைஸ்மென்ட்' என்ற தலைப்பில் ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் இருந்தது. நடுத்தர, கீழ்த்தட்டு மக்களின் பேச்சுமொழி கவிதைக்கு எவ்வளவு ஒத்துவரும் என்று பார்க்கும் சோதனைகள் இவை என்று அது சொல்கிறது. ஆசிரியர் பெயரே புத்தகத்தில் இல்லை. முன்னுரை 1800 தேதியிட்ட இரண்டாம் பதிப்பில் வந்தது. 'கவிஞன் என்பவன் யார்' என்று கேட்டுப் பதில் சொல்லும் நீண்ட பகுதி 1802-இல் சேர்ந்தது. தேர்வில் 1800 என்று போட்டுவிட்டு இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறைய.

இரண்டாவது, அந்த வாக்கியம் அங்கேயே முடியவில்லை. பொங்கும் உணர்ச்சி என்று சொன்ன கையோடு, நீண்ட நேரம் ஆழ்ந்து யோசித்த ஒருவரால்தான் மதிப்புள்ள கவிதை எழுத முடியும் என்கிறார். பிறகு, அமைதியில் மீண்டும் நினைத்துப் பார்த்த உணர்ச்சியிலிருந்து கவிதை பிறக்கிறது என்று விளக்குகிறார். மீண்டும் நினைக்க நினைக்க அந்த அமைதி மெல்லக் கரைந்து, பழைய உணர்ச்சிக்கு உறவான ஒன்று மனதில் எழும். எழுதுவது அப்போது நடக்கும். பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்தால் அவர் சொன்னதற்கு நேர் எதிரான கொள்கை கிடைத்துவிடும்.

மழைத்தூறல்:
நன்றி, என் குறிப்பில் திருத்திக்கொண்டேன். அப்படியானால் கோல்ரிட்ஜின் 'பயோகிராபியா லிட்டரேரியா'வையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா? நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

கல்மண்டபம்:
முழுசாக வேண்டாம். 1817-இல் வந்த புத்தகம். 13-ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம், 14 முழுசாக, 17, 18. இது போதும். 13-இல் முதல்நிலைக் கற்பனை, இரண்டாம்நிலைக் கற்பனை, 'ஃபேன்ஸி' என்ற மூன்று பகுப்பு. 14-இல் 'லிரிக்கல் பாலட்ஸ்' வேலையை இரண்டு பேரும் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள் என்ற கணக்கு, கூடவே அவநம்பிக்கையைத் தானே ஒதுக்கிவைக்கும் வாசக மனம் என்ற கருத்து. 17, 18-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் மொழிக் கொள்கையை நேருக்கு நேர் மறுக்கிறார்: கிராமத்து மக்களின் பேச்சே உண்மையான மொழி என்று சொல்வது நிற்காது என்கிறார். முன்னுரையையும் இந்த இரண்டு அத்தியாயங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். கூடவே எழுதிய நண்பரே மறுக்கும்போது, ரொமாண்டிக் கவிஞர்கள் எல்லோருக்கும் ஒரே கொள்கை என்ற எண்ணம் தானாகக் கலைந்துவிடும்.

12-ஆம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் தத்துவவாதி ஷெல்லிங்கிடமிருந்து சொல்லாமல் எடுத்த பகுதிகள் அங்கே நிறைய. எங்கெங்கே எடுத்தார் என்று அடிக்குறிப்பிலேயே பார்க்க வேண்டுமானால் எங்கெலும் பேட்டும் பதிப்பித்த 1983 பதிப்பை நூலகத்தில் கேளுங்கள்.

வைகைமேடு:
விமர்சன நூல்கள் பற்றி. எல்லோரும் முதலில் எம். எச். ஏப்ரம்ஸின் 'தி மிரர் அண்ட் த லாம்ப்' (1953) பெயரைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் முதல் அத்தியாயத்தோடு நிறுத்தினாலும் குற்றமில்லை. படைப்பு, உலகம், வாசகர், படைப்பாளி என்ற நான்கு புள்ளிகளை வைத்து விமர்சனக் கொள்கைகளை அங்கே வகுக்கிறார். கண்ணாடி உலகைப் பிரதிபலிக்கிறது, விளக்கு தன் ஒளியை வெளியே வீசுகிறது என்ற அடிப்படை அதிலேயே புரிந்துவிடும்.

கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க அதைவிட உதவுவது அவரே 1965-இல் எழுதிய, 'கிரேட்டர் ரொமாண்டிக் லிரிக்' பற்றிய கட்டுரை. ஒருவர் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கிறார், கண்ணெதிரே இருப்பதை வர்ணிக்கிறார், அது ஒரு நினைவையோ கவலையையோ கிளப்புகிறது, மனம் சுற்றிவிட்டு ஒரு முடிவோடு மறுபடி அதே இடத்துக்குத் திரும்புகிறது. கோல்ரிட்ஜின் 'ஃப்ராஸ்ட் அட் மிட்நைட்' கவிதையில் இதைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள்: உறைபனி, தூங்கும் குழந்தை, அடுப்புக் கம்பியில் படபடக்கும் கரிப்படலம்; அதிலிருந்து பள்ளிக்கூட நாள்; அதிலிருந்து குழந்தையின் எதிர்காலம்; கடைசியில் மறுபடி உறைபனி, கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கூர்கள். ஆனால் 1798-இல் கவிதை அங்கே முடியவில்லை. பனிக்கூர்களைப் பார்த்துத் துள்ளும் குழந்தையைப் பற்றி இன்னும் ஆறு வரிகள் இருந்தன, பிறகு வெட்டினார். ஏட்டுச்சுவடி சொன்ன வருஷக் கணக்கு இங்கேயும் வருகிறது பாருங்கள். வட்டமாக மூடும் வடிவம் திருத்தத்தில் கிடைத்தது.

அடுத்து எதிர்த்தரப்பு. ஜெரோம் மெக்கானின் 'தி ரொமாண்டிக் ஐடியாலஜி' (1983), சின்னப் புத்தகம். ரொமாண்டிக் கவிஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதையே விமர்சகர்களும் திருப்பிச் சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். அதை ஒட்டி மார்ஜரி லெவின்சன் 1986-இல் எழுதியதில் டின்டர்ன் ஆபி அத்தியாயம். கவிதையின் தலைப்பில் மடம் (ஆபி) இருக்கிறது, கவிதைக்குள் மடம் இல்லை. அங்கே திரிந்த பிச்சைக்காரர்களும் இரும்பு உலைகளும் கவிதையில் காணவில்லை. இல்லாததை வைத்து வாசிப்பது எப்படி என்று கற்றுத்தரும் அத்தியாயம் அது. ஏப்ரம்ஸைப் படிக்காமல் இதை முதலில் எடுத்தால் யாரோடு சண்டை போடுகிறார் என்றே தெரியாது. வரிசை முக்கியம்.

தாமிரக்கரை:
'ரொமாண்டிசிசம்' என்றால் என்ன என்ற வரையறைக் கேள்வி பத்து மதிப்பெண்ணுக்கு வருகிறது. அதற்கு?

வைகைமேடு:
இரண்டு கட்டுரை போதும். ஆர்தர் லவ்ஜாய் 1924-இல் எழுதியது: ஒரே ரொமாண்டிசிசம் கிடையாது, பல உண்டு, அவை ஒன்றுக்கொன்று முரணானவை, ஆகவே பன்மையில் சொல்லுங்கள் என்றார். ரெனே வெல்லெக் 1949-இல் மறுத்தார்: கவிதையைப் பார்க்கும் விதத்தில் கற்பனை, உலகைப் பார்க்கும் விதத்தில் இயற்கை, நடையில் குறியீடும் தொன்மமும், இந்த மூன்றும் ஐரோப்பா முழுக்கப் பொது என்றார். பதிலை இந்த விவாதமாகவே எழுதுங்கள். வரையறை ஒன்றை ஒப்பிப்பதைவிடக் கனமான பதில் அது.

இன்னொரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழ்ந்த காலத்தில் உங்கள் தாளில் உள்ள ஐந்து பேரையும் பைரனையும் ஒரே குழுவாக யாரும் பார்க்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் கூட்டத்தை ஏரிப் பள்ளி என்று விமர்சகர்கள் சாடினார்கள். லண்டன்காரர்களான லீ ஹண்ட், கீட்ஸ் வட்டத்தை 'காக்னி பள்ளி' என்று 1817 முதல் பிளாக்வுட்ஸ் இதழ் தாக்கியது. பைரன் வகையறாவைச் சாத்தானியப் பள்ளி என்று 1821-இல் கவிஞர் ராபர்ட் சவுதி சாடினார். 'ரொமாண்டிக் கவிஞர்கள்' என்ற பொதுப்பெயர் பிற்காலத்தவர் ஒட்டியது.

தமிழ்ச் சொல் பற்றி என் கருத்து: கற்பனாவாதம் என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. 'கற்பனாவாத சோசலிசம்' என்று அது வேறொரு பொருளில் ஏற்கெனவே ஊறிவிட்டது. புனைவியல் கேட்க அழகு, ஆனால் புனைகதை பற்றிய துறை என்று தோன்றிவிடும். 'ரொமாண்டிக் இயக்கம்' என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுப்பதில் குழப்பம் குறைவு.

கல்மண்டபம்:
புனைவியலை அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம் என்பேன். சொல்லைப் புழங்கினால்தான் பொருள் படியும். மற்றபடி வைகைமேடு சொன்னதோடு உடன்படுகிறேன்.

நெய்தல்நிலா:
இதுவரை வந்த பட்டியலில் கவிஞர்கள் எல்லோரும் ஆண்கள். சார்லட் ஸ்மித்தின் 'எலிஜியாக் சானெட்ஸ்' 1784-இல் வந்தது, 'லிரிக்கல் பாலட்ஸ்'க்குப் பதினாலு வருஷம் முன்னால். இயற்கையின் முன்னால் தனியே நின்று தன் துயரைப் பேசும் குரல் 1798-இல் பிறந்தது என்று எழுதுவதை இந்த ஒரு தேதியே தடுத்துவிடும். அன்னா பார்பால்டின் 'எய்ட்டீன் ஹண்ட்ரட் அண்ட் இலெவன்' 1812-இல் வந்தது, போர்க்கால இங்கிலாந்தின் வீழ்ச்சியை முன்கூட்டிச் சொல்லும் நீள்கவிதை. அதற்கு 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் கிடைத்த வசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆன் மெல்லரின் 'ரொமாண்டிசிசம் அண்ட் ஜென்டர்' (1993) இந்தப் பக்கத்துக்கு நல்ல வாசல். கவிஞனின் 'நான்' பெரிதாக வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்குவது ஒரு வகை எழுத்து, உறவுகளுக்குள் நின்று பேசுவது இன்னொரு வகை என்று பிரிக்கிறார். கீட்ஸை அவர் எந்தப் பக்கம் வைப்பது என்று தயங்கும் இடங்கள்தான் புத்தகத்தின் சிறப்பு.

பிராங்கன்ஸ்டைனுக்கு வருகிறேன். 1818 பாடமும் (மூல வடிவமும்) 1831 பாடமும் வேறு வேறு. கையிலிருப்பது எது என்று அட்டையில் போட்டிருக்காது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். சோதிக்கும் வழி: அத்தியாய எண் 24 வரை தொடர்ந்து போனால் 1831. மூன்று பாகமாகப் பிரிந்து ஒவ்வொரு பாகத்திலும் 1 முதல் மறுபடி தொடங்கினால் 1818. நவம்பர் மாத இரவில் உயிர் வரும் காட்சி 1818-இல் முதல் பாகம் 4-ஆம் அத்தியாயம், 1831-இல் 5-ஆம் அத்தியாயம். இன்னொரு அடையாளம் எலிசபெத். முதல் பாடத்தில் நாயகன் விக்டருடைய அத்தை மகள், இரண்டாவதில் இத்தாலியில் கண்டெடுத்த அனாதைக் குழந்தை. விதி என்ற பேச்சு 1831-இல் கூடுகிறது, விக்டரின் பொறுப்பு அந்த அளவுக்கு இலேசாகிறது. 'விஞ்ஞானியின் பொறுப்பு' என்று கட்டுரை எழுதுகிறவர் 1831 பாடத்திலிருந்து மேற்கோள் எடுத்தால் தன் வாதத்தைத் தானே வெட்டிக்கொள்வார்.

ஏட்டுச்சுவடி:
அருமையான சோதனை. வேர்ட்ஸ்வொர்த் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நீள்கவிதை 'பிரெலூட்'டுக்கும் இதே கவனம் தேவை. 1799-இல் இரண்டு பகுதி, 1805-இல் பதின்மூன்று, 1850-இல் பதினான்கு. 1805 வடிவம் கையெழுத்துப் படியாகவே இருந்து 1926-இல்தான் அச்சேறியது. ஷெல்லியோ கீட்ஸோ இந்தக் கவிதையைப் படித்ததே இல்லை. 'பிரெலூட்டின் தாக்கம்' என்று அவர்களைப் பற்றி எழுதக்கூடாது.

நார்ட்டன் கிரிட்டிக்கல் எடிஷன் (1979) எதிரெதிர்ப் பக்கங்களில் 1805-ஐயும் 1850-ஐயும் வைக்கிறது. முதல் ஆறு வரியை மட்டும் ஒப்பிடுங்கள். 1805-இல் காற்று கன்னத்தில் 'பீட்ஸ்', அடிக்கிறது. 1850-இல் 'ஃபேன்ஸ்', விசிறுகிறது. அதே காற்றுக்குப் பின்னால் 'அஷர்' (azure, நீலம்) என்ற அலங்காரச் சொல்லோடு வானம் வருகிறது. இளைஞரின் உடம்பில் பட்ட காற்று, முதியவரின் கையில் மரியாதைப்பட்டுவிட்டது. 7-ஆம் பகுதியில் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்த எட்மண்ட் பர்க்கைப் போற்றும் வரிகளும் 1805-இல் கிடையாது. புரட்சி என்ற கருப்பொருளுக்கு 1850-ஐ மட்டும் படித்தால் வேறொரு வேர்ட்ஸ்வொர்த் கிடைப்பார். 'ஸ்பாட்ஸ் ஆஃப் டைம்' பகுதியைத் தேடும்போது 1805-இல் 11, 1850-இல் 12 என்று நினைவில் வையுங்கள். பத்தாம் பகுதி இரண்டாகப் பிரிந்ததால் எண் தள்ளிப்போகிறது.

புரட்சிக்கென்று தனியாக ஒரு புத்தகம் வேண்டுமென்றால் மரிலின் பட்லர் தொகுத்த 'பர்க், பெய்ன், காட்வின் அண்ட் த ரெவல்யூஷன் கான்ட்ரவர்சி' (1984). 1790 நவம்பரில் பர்க், அதே ஆண்டு முடிவதற்குள் உல்ஸ்டன்கிராஃப்டின் பதில், 1791-இல் பெய்ன். மூலத் துண்டுப்பிரசுரங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம்.

பாலைக்குயில்:
ஷெல்லி பற்றி யாரும் சொல்லவில்லையே. பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். அதை வைத்து 'பாரதியும் ஷெல்லியும்' என்று கட்டுரை எழுதலாமா?

ஏட்டுச்சுவடி:
எழுதலாம், ஆனால் பெயர் ஒன்றை வைத்துச் செல்வாக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். ஷெல்லியின் அரசியல் கவிதைகளில் எதெது எப்போது அச்சானது என்று முதலில் பாருங்கள். மான்செஸ்டரில் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலை 1819 ஆகஸ்ட் 16. அதையொட்டி எழுதிய 'மாஸ்க் ஆஃப் அனார்க்கி' 1832 வரை வரவில்லை. 'இங்கிலாந்து இன் 1819' சானெட் 1839-இல். 'டிஃபென்ஸ் ஆஃப் பொயட்ரி' 1821-இல் எழுதியது, 1840-இல் வந்தது. ஷெல்லி இறந்தது 1822. அவர் உயிரோடிருந்தபோது இந்த எழுத்துகள் மக்கள் கையில் போய்ச் சேரவில்லை. பாரதி எழுதியது அடுத்த வாரம் அச்சேறும் பத்திரிகையில். ஒப்பிட இது நல்ல இடம்.

'ஓட் டு த வெஸ்ட் விண்ட்' படிக்கும்போது வடிவத்தை எண்ணுங்கள். ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் 14 வரி, மும்மூன்றாகக் கொக்கி போட்டுக் கடைசியில் ஈரடி. முதல் பகுதியில் இலை, இரண்டில் மேகம், மூன்றில் அலை. நாலாவதில் 'நான் இலையாக, மேகமாக, அலையாக இருந்திருந்தால்' என்று மூன்றையும் ஒன்றாக அள்ளுகிறார். வேண்டுதல் அங்கே தொடங்குகிறது. இதைக் காட்டினால் 'இயற்கையோடு ஒன்றுதல்' என்ற தேய்ந்த சொல்லே தேவைப்படாது. மூலத்துக்கு ரீமனும் ஃப்ரைஸ்டட்டும் பதிப்பித்த நார்ட்டன் கிரிட்டிக்கல் (இரண்டாம் பதிப்பு 2002).

கீழைநாட்டுப் பக்கம் ஆர்வமிருந்தால் நைஜல் லீஸ்கின் 'பிரிட்டிஷ் ரொமாண்டிக் ரைட்டர்ஸ் அண்ட் த ஈஸ்ட்' (1992). வில்லியம் ஜோன்ஸின் 1789 சாகுந்தல மொழிபெயர்ப்பு, சவுதியின் 'கர்ஸ் ஆஃப் கெஹாமா' (1810), ஷெல்லியின் 'பிராமித்தியஸ் அன்பவுண்ட்' நாடகத்தில் வரும் இந்தியக் காகசஸ் மலை ஆகியவற்றை ஒரே இழையில் பார்க்க முடியும்.

தாமிரக்கரை:
நாலு மாதத்துக்கு எப்படிப் பிரிப்பது?

கல்மண்டபம்:
பதினாறு வாரம் என்று வைத்தால், முதல் மூன்று வாரம் 1798 'லிரிக்கல் பாலட்ஸ்' முழுசும் முன்னுரையும், கூடவே பயோகிராபியாவில் சொன்ன அத்தியாயங்கள். அடுத்த இரண்டு வாரம் பிளேக். பிளேக்கை அச்செழுத்தில் மட்டும் படிக்காதீர்கள். அவர் செம்புத் தகட்டில் எழுத்தையும் படத்தையும் சேர்த்தே செதுக்கினார். பிளேக் ஆர்க்கைவ் இணையதளத்தில் தகடுகள் இலவசம். 'டைகர்' பாட்டின் கீழே நிற்கும் புலியைப் பார்த்துவிட்டுப் பாட்டை மறுபடி வாசியுங்கள். வரிகள் நடுங்க வைக்கும், படத்திலிருக்கும் புலி சாதுவாக நிற்கும். புகைபோக்கிச் சிறுவன் கவிதை இரண்டு தொகுதியிலும் உண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

பிறகு பிரெலூட்டுக்கு இரண்டு வாரம் (1, 6, 9, 10, 11, 13 பகுதிகள், 1805 பாடம்), ஷெல்லிக்கு இரண்டு, கீட்ஸுக்கு இரண்டு, நாவலுக்கு ஒன்று, ஸ்மித், பார்பால்டுக்கு ஒன்று. மிச்சமுள்ள மூன்று வாரம் விமர்சனக் கட்டுரைகளுக்கு. கவிதை படிக்கும் நாட்களில் விமர்சனத்தைத் தொட வேண்டாம்.

நெய்தல்நிலா:
கீட்ஸுக்குக் கடிதங்களும் வேண்டும். கிட்டிங்ஸ் தேர்ந்தெடுத்த ஆக்ஸ்போர்டு பதிப்பு போதும். 1817 டிசம்பர் கடிதத்தில் வரும் 'நெகட்டிவ் கேபபிலிட்டி'யை, அதாவது அவசரமாகக் காரணம் தேடாமல் ஐயத்திலேயே இருக்கும் திறனை, எல்லோரும் எழுதுவார்கள். அது ஒரே ஒரு கடிதத்தில் ஒரே ஒரு முறை வரும் சொல். அந்தக் கடிதத்தின் மூலமும் நம்மிடம் இல்லை, பின்னால் ஒருவர் எடுத்த நகல்தான் இருக்கிறது. அதை வைத்து முழுக் கொள்கை கட்டும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வைகைமேடு:
கீட்ஸுக்குப் பதிப்பு ஜாக் ஸ்டில்லிங்கர். ஏன் என்று 'கிரீஷியன் அர்ன்' (கிரேக்கத் தாழி) கவிதையின் கடைசி இரண்டு வரியில் தெரியும். 1820 புத்தகத்தில் 'பியூட்டி இஸ் ட்ரூத், ட்ரூத் பியூட்டி' என்ற ஐந்து சொல்லுக்கு மட்டும் மேற்கோள் குறி இருக்கிறது. அப்படியானால் அந்த ஐந்து சொல் தாழி பேசுவது, 'உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே' என்ற மீதி கவிஞர் நம்மைப் பார்த்தோ தாழியைப் பார்த்தோ சொல்வது. அதே ஆண்டு தொடக்கத்தில் இதழில் வந்த வடிவத்திலும் நண்பர்கள் எடுத்த நகல்களிலும் அந்தக் குறியே இல்லை. சில நவீன பதிப்புகள் இரண்டு வரியையும் மேற்கோளுக்குள் போட்டு முழுசையும் தாழியின் வாய்க்குக் கொடுத்துவிடுகின்றன. உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தில் குறி எங்கே மூடுகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.

தாமிரக்கரை:
பாடநூலில் இரண்டு வரியையும் சேர்த்து மூடியிருக்கிறது. நார்ட்டன் டி பகுதியை நாளை நூலகத்தில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.